கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு கபடிக்குப் போகாதீர்கள்

தை பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. என் பிசியோதெரபி கிளினிக்கிலும் கூட்டம். போன வாரம் ஒரு தம்பி. கரண்டைக்கால் பிரண்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. வீக்கம் வற்றிவிட்டதாம். கையில் புது கிரேப் பேண்டேஜ். “சார், நல்லா இறுக்கிச் சுத்தி விடுங்க, சாயங்காலம் செமி ஃபைனல்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிரேப் பேண்டேஜ் வீக்கத்துக்கானது. அவ்வளவுதான். கையால் இழுத்தாலே நீளுகிற துணி, 70 கிலோ உடம்பு மேலே விழும்போது உள்பக்கம் மடங்குகிற பாதத்தை எப்படித் தடுக்கும்? இறுக்கிச் சுற்றினால்? அப்போதும் நீளும், கூடவே விரல் மரத்துப்போகும். இன்னும் இரண்டு சுற்று? ஷூ நுழையாது. மெடிக்கலில் விற்கும் சாக்ஸ் மாதிரி ஆங்க்லெட்டும் இதே கதைதான். கால் கதகதப்பாக இருக்கும், தைரியம் வரும். அந்தத் தைரியம்தான் வம்பு.

வலி போனாலும் உள்ளே லிகமென்ட் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்) உறுதிப்பட 6 முதல் 12 வாரம் ஆகும். கபடியிலோ எதிரணி பாய்ந்து பிடிப்பதே கரண்டையைத்தான்!

ஆட இறங்கலாமா என்று பார்க்க, பிரண்ட காலில் மட்டும் கண்ணை மூடி நில்லுங்கள். அப்புறம் அதே காலில் நொண்டியடியுங்கள். நல்ல காலுக்குச் சமமாக, வலியில்லாமல் வர வேண்டும். அந்தத் தம்பி நாலாவது தப்படியிலேயே சுவரைப் பிடித்துவிட்டார். செமி ஃபைனலை உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கோபம்தான், என்ன செய்ய? பல் தேய்க்கும்போது தினமும் ஒற்றைக்காலில் நின்று பழகினாலே பாதி வேலை முடியும்.

இதில் தேறியவர்கள், ஷூ மாதிரி கயிறு கட்டும் ஆங்கிள் பிரேஸ் (கரண்டை மடங்காமல் பிடிக்கும் உறை) போட்டு இறங்கலாம். விறைப்பான டேப்பும் நல்லதுதான், ஆனால் கட்டத் தெரிந்தவர் கட்ட வேண்டும். ஓட்டத்திலும் வியர்வையிலும் அரை மணி நேரத்தில் தளர ஆரம்பித்துவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று மேட்ச் ஆடுகிறவர்களுக்கு பிரேஸ்தான் லாயக்கு. ஆடும்போது மட்டும் போட்டால் கால் பலவீனமாகாது, பயப்படாதீர்கள். ஒரு முறை பிரண்ட கால் மறுபடி பிரள வாய்ப்பு அதிகம் என்பதால் இந்த சீசன் முழுக்கப் போடுங்கள்.

பிரண்டதும் நான்கு அடி வைக்க முடியவில்லையா, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறதா, முதலில் எக்ஸ்ரே. எண்ணெய் போட்டுச் சுளுக்கெடுக்க யாரிடமும் காலை நீட்டாதீர்கள்.

டீம் நடத்தும் அண்ணன்மாரே, ஜெர்சிக்கு ஸ்பான்சர் பிடிக்கிறீர்கள் இல்லையா, அவரிடமே இரண்டு பிரேஸும் கேளுங்கள். உலோகப் பட்டை இல்லாததாக, கால் அளவு பார்த்து வாங்குங்கள். ‘ஃப்ரீ சைஸ்’ என்று போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.