முன்கணிப்பா, முன்னறிவிப்பா?

முனைவர் பட்ட ஆய்வேடுகளில் தமிழ்ச் சுருக்கம் என்று ஓரிரு பக்கம் இருக்கும். அதை எடுத்துப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. தூண்டல் மோட்டார் (இண்டக்‌ஷன் மோட்டார்) பற்றிய ஓர் ஆய்வேட்டில் போன வாரம் மறுபடியும் அது கண்ணில் பட்டது: ‘முன்னறிவிப்புக் கட்டுப்பாடு’. பிரெடிக்டிவ் கன்ட்ரோலுக்குத் தமிழாம்.

முன்னறிவிப்பு என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போடுவது. வானிலை முன்னறிவிப்பு சரி, கடலுக்குப் போகிறவரிடம் சொல்லியாக வேண்டும். அறிவிப்பு என்றாலே கேட்க ஓர் ஆள் வேண்டும். மோட்டாரை ஓட்டும் மின்னணுக் கருவியான டிரைவுக்குள் யார் யாருக்கு அறிவிக்கிறார்கள்?

உள்ளே நடப்பது இதுதான். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சாதாரண இன்வெர்ட்டரில் மூன்று பேஸுக்கும் தலா இரண்டு என ஆறு எலக்ட்ரானிக் சுவிட்சுகள் (ஐஜிபிடி). அவற்றை எட்டு விதமாகப் போடலாம். அதில் இரண்டு விதம் மோட்டாருக்குச் ஜீரோ வோல்ட்டேஜ் கொடுப்பவை. ஆக, வேறுபட்டவை ஏழு. சில பத்து மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை கரண்டையும் வேகத்தையும் அளந்து, ‘இதைப் போட்டால் அடுத்த கணம் திருப்பு விசை (டார்க்) எங்கே நிற்கும், காந்தப் பாயம் (ஃப்ளக்ஸ்) எங்கே நிற்கும்’ என்று ஏழுக்கும் கணக்குப் போடுகிறது கன்ட்ரோலர். நமக்கு வேண்டியதற்கு எது மிக அருகில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்ற ஆறையும் தூக்கிப் போடுகிறது. அடுத்த கணம், மறுபடி முதலிலிருந்து. இதில் அறிவிப்பு எங்கே வந்தது?

லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன், ‘டீகெரே’ என்றால் சொல்லுதல். மொழிபெயர்த்தவர் அந்த வேரைப் பிடித்துக்கொண்டார், மோட்டாரை விட்டுவிட்டார்.

நம்மிடம் கணித்தல் இருக்கிறது. ஜாதகம் கணிக்கிறவர் கிரகம் இன்று நிற்கும் இடத்தை வைத்து வரப்போவதைக் கணக்கிடுகிறார். பலிக்கிறதா என்பது வேறு விஷயம். வேலையின் வடிவம் அச்சாக இதுதான். கணி வடசொல் என்று மூக்கைச் சுளிப்பவர்கள் கணியன் பூங்குன்றனிடம் போய்ச் சொல்லட்டும்.

அப்படியானால் வெறும் ‘கணிப்பு’ போதாதா, ‘முன்’ எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். போதாது. பெரும்பாலான தூண்டல் மோட்டார்களில் ரோட்டார், அதாவது உள்ளே சுழலும் பகுதி, ஒரு கூண்டு. அதன் கம்பிகளில் ஓடும் கரண்டை மீட்டர் வைத்து அளக்க வழியில்லை. எனவே இந்தக் கணத்து ரோட்டார் பாயத்தையே சுழலாத வெளிப்பகுதியான ஸ்டேட்டாரின் கரண்டிலிருந்து உத்தேசமாகக் கணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருத்துக்கணிப்பு என்கிறோமே, அந்த மாதிரிக் கணிப்பு. ஒரே டிரைவில் இரண்டும் நடப்பதால், அடுத்த கணத்துக்கானதற்கு ‘முன்’ வேண்டும். ஜப்பானியப் பொறியாளர்கள் டகஹாஷியும் நொகுச்சியும் 1986இல் எழுதிய நேரடித் திருப்பு விசை முறையில் (டைரக்ட் டார்க் கன்ட்ரோல்) இந்த ‘முன்’ கிடையாது. பிழை வரம்பைத் தாண்டிய பிறகு, ஏற்கெனவே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துச் சுவிட்சை மாற்றும்.

இலங்கைப் பாடநூல்களின் ‘எதிர்வுகூறல்’ எனக்குப் பிடித்த சொல். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தொல்காப்பியம் காலத்தைப் பிரித்த அழகு அதில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் ‘கூறல்’ வந்து ஒட்டிக்கொண்டது. கூறலை வெட்டி ‘எதிர்வுக் கட்டுப்பாடு’ என்றால், இங்கே படிப்பவர் கட்டுப்பாட்டை எதிர்க்கிறார்கள் என்று நினைப்பார்.

ஆகவே முன்கணிப்புக் கட்டுப்பாடு. அவ்வளவுதான்.

அந்தச் சுருக்கத்தில் வேறு கூத்தும் உண்டு. காஸ்ட் பங்ஷன் ‘செலவுச் சார்பு’ ஆகியிருந்தது. வேண்டியதிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று எடைபோடும் கணக்கு அது. படிப்பவர் கரண்ட் பில் குறைக்கும் ஆராய்ச்சி என்றே நினைத்துக்கொள்வார். மாடலும் ‘மாதிரி’, சாம்பிளும் ‘மாதிரி’. எந்த மாதிரி எது என்று பிரிக்க, ஆங்கிலச் சுருக்கத்தைப் புரட்டித்தான் பார்த்தேன்.