வெங்காயச் சாறும் பிரஷர் மாத்திரையும்

சென்ற மாதம் ஒரு காலையில் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் தலைசுற்றலோடு வந்தார். காய்கறிச் சந்தையில் கடை வைத்திருப்பவர். ஆறு ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு என்னிடம் வருபவர். அளந்து பார்த்தேன், 182/106. சற்று நேரம் உட்காரவைத்து மற்றொரு கையில் அளந்தேன், பெரிய மாற்றமில்லை. "மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அடியில் இளஞ்சிவப்பாக வண்டல் படிந்திருந்தது. மூடியைத் திருகியதும் சின்ன வெங்காய நெடி அறை முழுவதும் பரவியது. "இரண்டு மாதமாக இதைத்தான் குடிக்கிறேன் டாக்டர். ரத்தக் குழாயை விரித்துவிடும் என்று செல்போனில் வீடியோ வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன்."

வெங்காயத்தில் ரத்தக் குழாயைத் தளர்த்தும் பொருள் இருப்பது உண்மைதான். அதை மறைத்து அவரிடம் பேச எனக்கு மனம் வரவில்லை.

நம் ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு மெல்லிய படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். இதை வெறும் பூச்சு என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நினைத்திருந்தது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை அசிட்டைல்கோலின் என்ற மருந்தில் சோதித்தபோது, சில துண்டுகள் சுருங்கின, சில தளர்ந்தன. தயாரிக்கும்போது உள்படலம் தேய்ந்துபோன துண்டுகள் மட்டும் தளரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1980இல் அவர் இதை வெளியிட்டார். அந்தப் படலத்திலிருந்து கிளம்பும் பொருள் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு என்று பின்னர் உறுதியானது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் என்ற ஆய்வாளர்கள் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை வேலை செய்வதும் இதே வாயுவின் வழியாகத்தான்.

இந்த வாயு சில நொடிகளே நிலைத்திருக்கும். அதற்குள் பக்கத்திலுள்ள தசைச் செல்லுக்குள் நுழைந்து, கால்சியத்தைக் குறைத்து, தசையின் பிடியைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது. தாவரங்களிலுள்ள ஃபிளேவனாய்டுகள் என்ற இயற்கைப் பொருட்கள் இங்கே இரண்டு விதமாக உதவுகின்றன. வாயுவை உண்டாக்கும் நொதியைத் தூண்டுகின்றன. வாயுவை அழிக்கும் சூப்பர்ஆக்ஸைடு பெருகாமல் தடுக்கின்றன. வெங்காயத்தில் க்வெர்செட்டின், கோகோவிலும் தேயிலையிலும் எபிகேட்டச்சின், நாவல் பழத்தில் அந்தோசயனின், ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின் என்று வகைகள் பல.

பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் வாழும் குனா மக்களுக்கு வயது ஏறினாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை. அவர்கள் நாள்தோறும் கோகோ பானம் குடிப்பவர்கள். நகரத்துக்குக் குடிபெயர்ந்த குனாக்களுக்கு மட்டும் அழுத்தம் ஏறியது. ஹார்வர்டு மருத்துவர் நார்மன் ஹாலன்பெர்க் இதைப் பின்தொடர்ந்தார். நகர வாழ்க்கையில் மாறியது கோகோ மட்டுமா என்று கேட்பது நியாயம். அவருடைய குழு ஆரோக்கியமானவர்களுக்குச் சில நாட்கள் ஃபிளேவனால் (எபிகேட்டச்சின் போன்ற ஃபிளேவனாய்டு வகை) மிகுந்த கோகோ கொடுத்தபோது விரல் நுனி ரத்த ஓட்டம் கூடியது. நைட்ரிக் ஆக்ஸைடு உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் அந்த விரிவு மறைந்தது. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

ஆனால் எவ்வளவு விரிகிறது? பல கோகோ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ரத்த அழுத்தம் குறைவது சராசரியாக 2 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கும் கீழே. என் எதிரில் இருந்தவருக்கு நாற்பதுக்கு மேல் இறங்க வேண்டியிருந்தது. 21,442 முதியவர்களிடம் நடந்து 2022இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் எடுத்தவர்களிடையே இதய நோய் மரணங்கள் 27 சதவீதம் குறைந்தன. ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வி மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட மொத்தப் பாதிப்பு குறைகிறதா என்பதுதான். அதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. இனிப்புச் சாக்லேட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆல்கலி எனும் காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தும் கோகோவில் ஃபிளேவனாலின் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது சர்க்கரையும் கொழுப்பும்.

இந்த விரிவு சில மணி நேரமே நீடிக்கிறது. அதனால் ஒருநாள் மொத்தமாகக் குடிப்பதைவிட வேளைதோறும் உணவில் இருப்பதே பயன். நம் சமையல் இதற்கு வாகானது. க்வெர்செட்டின் சூட்டில் எளிதில் அழியாது, வேகும் நீரில் இறங்கும். சாம்பாரில் அந்த நீரையும் சேர்த்தே உண்கிறோம். வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் அது அதிகம் என்பதால், உரிக்கும்போது காய்ந்த தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரஞ்சின் வெள்ளை நாரை உரித்தெறியாமல் சாப்பிடுங்கள். அதே தட்டில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் குவிந்தால், அந்த உப்பு எதிர்த்திசையில் இழுக்கும்.

அவருக்கு இதையெல்லாம் ஒரு தாளில் குழாய் வரைந்து காட்டினேன். "அப்படியென்றால் வீடியோவில் சொன்னது பொய்யில்லையே?" என்றார். பொய்யில்லை அம்மா, உங்கள் அழுத்தத்துக்கு அது போதாது, அவ்வளவுதான் என்றேன். பழைய மாத்திரையையே மறுபடி தொடங்கினோம். மூன்று வாரம் கழித்து வந்தபோது 138/86. மாத்திரை மறந்துபோகாமல் இருக்க, அட்டையைச் சமையலறையில் வெங்காயக் கூடைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருப்பதாகச் சொன்னார்.