பயோகேஸ்: சாண எரிவாயுவா, உயிர்வாயுவா, உயிரி எரிவாயுவா?

பயோகேஸ் என்று சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும். அதைத் தமிழில் எழுதப்போனால்தான் தகராறு. ஒரு இடத்தில் சாண எரிவாயு, இன்னொரு இடத்தில் உயிர்வாயு, அப்புறம் உயிரி எரிவாயு, இதற்கு நடுவே இயற்கை எரிவாயு என்றே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. ஹோட்டல், கல்லூரி மெஸ், கல்யாண மண்டபம் என்று பெரிய சமையலறைகளின் மிச்சத்தை எரிவாயுவாக மாற்றும் தொட்டிகளைப் பற்றிப் பேச்சு வரும்போது, இந்த நாலு சொல்லில் மூன்று நம்மைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் பொருள். சாதம், காய்கறித் தோல், சாணம், இலைதழை என எதுவானாலும் காற்றே புகாத இடத்தில் ஊறி அழுகினால், நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகச் சிதைத்து ஒரு வாயுக் கலவையை வெளியே விடும். அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 50 முதல் 70 சதவீதம், மெத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு; அழுகின முட்டை நாற்றம் அதனுடையதுதான், பர்னரையும் குழாயையும் துருப்பிடிக்க வைப்பதும் அதுதான். அடுப்புக்கு எரிபொருளாவது மெத்தேன்தான்.

சொல்லின் பிறப்பு இரண்டு துண்டு. ‘பயோ’ கிரேக்கத்தில் உயிர், வாழ்வு என்று பொருள்படும் ‘பியோஸ்’ என்பதிலிருந்து வந்தது. ‘கேஸ்’தான் சுவாரசியமானது. 17-ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற பிளெமிஷ் மருத்துவர், காற்று மாதிரி இருந்தும் சாதாரணக் காற்று அல்லாத பொருள்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று, ஒழுங்கற்ற வெளியைக் குறிக்கும் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைத் தன் ஊர் உச்சரிப்பில் வளைத்து உண்டாக்கியது அது. நம் ஊரில் அதுவே கியாஸ் அடுப்பு வரை வந்துவிட்டது. சதுப்பு நிலத்துச் சேற்றிலிருந்து குமிழ்விடுவதிலும் இதே மெத்தேன்தான்; 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அதைப் பிடித்து, எரியும் என்று கண்டவர் அலெஸ்ஸான்ட்ரோ வோல்டா. வோல்ட் என்ற அளவுக்குப் பெயர் தந்த அதே ஆள்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். சாண எரிவாயு என்ற பெயர் நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் இது மாட்டுத் தொழுவத்தின் வழியாகத்தான் பரவியது: 1960-களில் கதர் கிராமத் தொழில் ஆணையம் கையில் எடுத்தது, 1981-82-இல் மத்திய அரசின் தேசியத் திட்டம் வந்தது, ‘கோபர் கேஸ்’ என்ற இந்திப் பெயர் அப்படியே சாண எரிவாயு ஆனது. அந்தக் காலத்துக்கு அது பொருத்தம்தான். இன்று அந்தப் பெயரே ‘சாணத்துக்கு எங்கே போவது’ என்று ஹோட்டல்காரரைக் கேட்க வைக்கிறது. உண்மையில் ஆரம்பத்தில் நுண்ணுயிர்களைக் குடியேற்றத்தான் சாணம் வேண்டும், அப்புறம் சமையலறைக் கழிவே போதும். வாயுவும் கூடுதலாக வரும்: ஒரு டன் பச்சைச் சாணம் 40 கன மீட்டர் அளவில் தந்தால், ஒரு டன் உணவுக் கழிவு சுமாராக 100 கன மீட்டர் தரும். மாடு தனக்கு வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தானே சாணமாகப் போடுகிறது? சாம்பார் சாதத்தில் சத்து அப்படியே இருக்கிறது. அந்த 100 கன மீட்டர் ஏறத்தாழ 40 முதல் 45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம், அதாவது வணிக உபயோகத்துக்கு வரும் 19 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் மேல்.

உயிர்வாயு, உயிர்வளி இரண்டும் இன்னும் மோசம். இவை பிராணவாயுவுக்கு, அதாவது ஆக்சிஜனுக்கு, ஏற்கெனவே வழங்கும் பெயர்கள். பயோகேஸ் உண்டாவதே ஆக்சிஜன் இல்லாத இடத்தில். மெத்தேனைத் தயாரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் விஷம். எந்த வாயு உள்ளே வந்தால் வேலை கெட்டுப்போகுமோ அதன் பெயரையே வெளியே வருவதற்கு வைத்தால் பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? இயற்கை எரிவாயுவோ பூமிக்கடியிலிருந்து எடுக்கும் புதைபடிவ எரிபொருள், அது வேறு கணக்கு.

ஆகவே என் ஓட்டு உயிரி எரிவாயுவுக்கு. உயிரிப்பொருளிலிருந்து வருவது, எரிவது, இரண்டையும் சொல்லிவிடுகிறது. வாயு வடசொல் என்று நினைப்பவர்கள் உயிரி எரிவளி என்று தாராளமாக எழுதலாம். வள்ளுவர் ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று சொல்லும் மூன்றில் முதலாவது வளிதான், அதுவும் உடம்புக்குள் இருக்கிற வளி, இங்கே வெகு பொருத்தம். ஏனென்றால் இந்தத் தொட்டியும் ஒரு வயிறுதான். பந்தி நாளில் மிஞ்சிய சாதத்தை மொத்தமாகக் கொட்டினால் புளித்துப்போகும், அமிலம் ஏறும், மெத்தேன் நுண்ணுயிர்கள் படுத்துவிடும், அடுப்பில் நீலச் சுடர் நின்றுபோகும். வாழையிலையை நறுக்காமல் போட்டால் நார் மிதந்து மேலே தடிமனாக ஏடு கட்டிக்கொள்ளும். எலும்பும் தேங்காய் ஓடும் செரிக்காது. எலுமிச்சைத் தோல் அளவோடு போக வேண்டும்.

‘உயிரி’ என்ற முன்னொட்டில் ஒரு ஆபத்தும் உண்டு. அது இருந்தாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. குப்பைமேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும் இட்லியிலிருந்து வருவதும் இதே மெத்தேன்தான். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு, 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். குப்பைமேட்டில் தீப்பிடித்தால் அணையாமல் எரிய எண்ணெய் வார்ப்பதும் அதுவே. தொட்டியின் லாபம் அந்த மெத்தேனைப் பிடித்து எரித்துவிடுவதில்தான் இருக்கிறது: எரிந்து வரும் கரியமில வாயு நெல்லும் காயும் போன பருவத்தில் காற்றிலிருந்து எடுத்ததே, கூடவே அந்த அளவுக்கு சிலிண்டரும் மிச்சம். மூடி கசிந்தாலோ, உபரி வாயுவை எரிக்காமல் திறந்துவிட்டாலோ, குப்பைமேட்டு வேலையையே ஹோட்டலின் பின்கட்டில் செய்ததாகிவிடும்.

அளவு சின்னதல்ல. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கில் 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 29 கோடி டன் ஹோட்டல், கேன்டீன் போன்ற உணவுச் சேவையிலிருந்து. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுபவரைப் பெருமளவு கழிவு உண்டாக்குபவர் என்று பிரித்து, மக்கும் கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே தீர்க்கச் சொன்னன. ஊர் முழுக்கச் சேர்த்துச் செய்வதற்கு இந்தூர் உதாரணம்: 2022-இல் தொடங்கிய ஆலையின் திறன் நாளுக்கு 550 டன் ஈரக் கழிவு. அங்கே கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் பிரித்து, மெத்தேனை அழுத்தி வண்டிக்கு எரிபொருளாக்குகிறார்கள். அதற்கு சிபிஜி என்று பெயர், தமிழில் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு.

இன்னொரு சொல் பாக்கி. வாயு போனபின் தொட்டியிலிருந்து வழிவதை எல்லோரும் ஸ்லர்ரி என்கிறார்கள், எருக்கரைசல் என்றால் தெளிவாக இருக்கும். கழிவுநீர் என்று எழுதாதீர்கள். எழுதினால் சாக்கடையில் திறந்துவிடத்தான் தோன்றும். கழிவிலிருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் தங்குகிறது, உடைந்து செடி எடுத்துக்கொள்ளத் தோதாகவும் இருக்கிறது. நம் சமையலில் உப்பு அதிகம் என்பதால், செடிக்கு விடுமுன் தண்ணீர் கலந்து, ஒரே பாத்தியில் திரும்பத் திரும்ப ஊற்றாமல் இடம் மாற்றி விடுவது நல்லது.