அருகலை: வைஃபைக்கு ஒரு தமிழ்ச்சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 'லைன்' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். வரிசை வீடும் லைன்தான், கைப்பேசிச் சிக்னலும் லைன்தான், இணையமும் லைன்தான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக் கடைக்கு வருகிறவரும், "தம்பி, லைன் வரமாட்டேங்குது, என்னான்னு பாரு" என்றுதான் சொல்வார். வராதது வைஃபையா, இணையமா? இது தெரிந்தால்தான் எதைப் பார்ப்பது என்று தெரியும். இரண்டையும் பிரித்துக்காட்ட 'அருகலை' என்ற சொல் நன்றாகக் கைகொடுக்கிறது.

முதலில் வைஃபை. கம்பியில்லாமல் கணினிகளை இணைக்கும் 802.11 என்ற தரநிலை 1997இல் வந்தது. அந்த எண்ணைச் சொல்லிப் பெட்டி விற்க முடியுமா? 1999இல் நிறுவனங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, பெயர் சூட்டும் வேலையை இன்டர்பிராண்ட் என்ற நிறுவனத்திடம் கொடுத்தன. தரமான ஒலிக்கருவிகளைக் குறிக்கும் 'ஹைஃபை' ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருந்த சொல். அந்த ஓசையை ஒட்டிப் பிறந்ததுதான் வைஃபை. 'வை', 'ஃபை' என்ற இரண்டு துண்டுக்கும் விரிவு என்று எதுவும் இல்லை. 'வயர்லெஸ் ஃபிடெலிட்டி' என்ற சொற்களைச் சங்கமே சில காலம் தன் விளம்பர வாசகத்தில் சேர்த்ததால், அதுதான் விரிவு என்ற நம்பிக்கை பரவிவிட்டது. ஆகவே, இதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கப் பார்ப்பது வீண். (ஹைஃபை நம்மிடம் வந்து 'பகட்டு' ஆனது வேறு கதை.)

அருகு + அலை = அருகலை. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்த சொல். அருகில் உள்ள பெட்டியிலிருந்து வரும் வானலை என்று பொருள் கொள்ளலாம். அந்தப் பெட்டிதான் திசைவி (ரூட்டர்). வீட்டுக்குள் அதன் அலை எட்டுவது சில பத்து மீட்டர்தான். 'கம்பியில்லா இணையம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கைப்பேசித் தரவும் கம்பியில்லா இணையம்தானே? தவிரவும், அருகலை என்பது இணையமே அல்ல. இணையம் வெளியிலிருந்து கண்ணாடியிழை வழியாகப் பெட்டிக்கு வருகிறது. பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கு வருவது அருகலை.

இப்போது அந்த லைனைப் பார்ப்போம். 'இணைந்துள்ளது, இணையம் இல்லை' என்று திரை சொன்னால் அருகலை நலம்; கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு அந்தப் பக்கம். கைப்பேசியையும் அதே அருகலையில் போட்டுப் பாருங்கள். தரவை அணைத்துவிட்டுப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் தரவுக்குத் தாவி, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். அதிலும் வரவில்லை, பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கும் சிவப்பாக எரிகிறது என்றால், இழையில் ஒளி வந்து சேரவில்லை. சேவை தருபவரை அழைக்கவேண்டியதுதான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பட்டணம் வரவேண்டாம்.

கைப்பேசியில் வந்து மடிக்கணினியில் மட்டும் வராவிட்டால் சரி, கோளாறு இங்கேதான். விமானப் பயன்முறை தவறுதலாக அழுந்தியிருக்கலாம். அல்லது சேமித்த அருகலைப் பெயரை நீக்கிவிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக இட்டுப் பாருங்கள். ஐபி முகவரி (வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், திசைவியிடமிருந்து முகவரி கிடைக்காமல் மடிக்கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. திசைவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன்கூடத்தில் வந்து, கல்சுவர் தாண்டிய பின்னறையில் அறுந்துபோனால், திசைவியின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 2.4க்கு மாறுங்கள். வேகம் குறையும், ஆனால் சுவரைத் தாண்டும்.

இதே அலைக் குடும்பத்தில் பகிரலையும் இயங்கலையும் உண்டு. ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை, ஆன்லைனுக்கு இயங்கலை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு வீடு நுழைந்த சொல் இயங்கலை. எழுத்தில் கம்பீரமாகத்தான் இருக்கிறது. பேச்சிலோ 'இயங்கவில்லை' என்பதும் 'இயங்கலை'தான்! "இயங்கலை வகுப்பு இயங்கலை டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆசிரியர் சிரிப்பதா, திட்டுவதா? அருகலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. 'அருகலை இணையம்' என்று மட்டும் சேர்த்து எழுதவேண்டாம். 'அருகலை இருக்கிறது, இணையம்தான் இல்லை' என்று எழுதலாம்.