கவுன்சிலிங்குக்கு எதுக்கு கலந்தாய்வு? ஆற்றுப்படுத்தல்னு சொல்லலாமே

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் ஒரு ஊர்ல போன மாசம் ஒரு பேனர் பார்த்தேன். "சுற்றுச்சூழல் சுகாதார அபாயங்கள் குறித்த சமுதாயக் கலந்தாய்வு". போர் தண்ணில பல்லையும் எலும்பையும் கெடுக்கற அளவுக்கு புளோரைடு ஜாஸ்தியா இருக்கு, அத பத்தி ஊர்க்காரங்களோட உக்காந்து பேசத்தான் அந்தக் கூட்டம். ஒரு பாட்டி பேரனோட பிளஸ் டூ மார்க் ஷீட்ட மஞ்சப்பைல வெச்சு எடுத்துட்டு வந்துட்டாங்க, காலேஜ் சீட்டு குடுக்குறாங்கன்னு நினைச்சு. பின்னாடி நின்ன ஒருத்தர் "எந்த சமுதாயத்துக்குங்க இது?"ன்னு கேட்டார். அவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல, கம்யூனிட்டி கவுன்சிலிங்குக்கு தமிழ்னு பேனர்ல எழுதின சமுதாயம், கலந்தாய்வுங்கற அந்த ரெண்டு சொல்லு மேலதான் தப்பு.

கவுன்சிலிங்கோட வேர் லத்தீன்ல கோன்சிலியம், கூடி யோசிக்கிறதுன்னு அர்த்தம், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சு. கஷ்டத்துல இருக்கறவங்க பேசறத பயிற்சி உள்ள ஒருத்தர் கேட்டு, அவங்களே ஒரு முடிவுக்கு வர துணை நிக்கிறதுங்கற அர்த்தம் 20ஆம் நூற்றாண்டுல கெட்டிப்பட்டது. அதையே ஒரு தெரு, ஒரு ஊருன்னு எல்லாரையும் வெச்சு செஞ்சா கம்யூனிட்டி கவுன்சிலிங்.

கலந்தாய்வுங்கறது கலந்து ஆயறது. சொல்லா பார்த்தா குறையே கிடையாது, லத்தீன் வேருக்கும் கிட்டதான் நிக்குது, மொழிபெயர்க்கறவங்க அத கெட்டியா பிடிச்சுக்கறதும் அதனாலதான். ஆனா அகராதில இருக்கற அர்த்தம் வேற, ஜனங்க காதுல விழற அர்த்தம் வேற. 1997ல இன்ஜினியரிங் அட்மிஷனுக்கு ஒற்றைச் சாளர முறை வந்ததுல இருந்து கலந்தாய்வுன்னாலே கட் ஆஃப், ரேங்க், காலி சீட்டு, அப்புறம் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. காலியா இருக்கறத காட்டுவாங்க, நீங்க ஒண்ண எடுத்துட்டு கிளம்பணும், உங்க மனசுல என்ன இருக்குன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க. பல்லெல்லாம் காவியேறிப் போய் சிரிக்கும்போது கையால வாய மூடிக்கிற ஒரு பொண்ணுகிட்ட போய் வா கலந்தாய்வுக்குன்னு எப்படிங்க கூப்பிடறது?

சமுதாயம் இன்னும் மோசம். கம்யூனிட்டி சர்டிபிகேட்னா சாதிச் சான்றிதழ்னு ஆகிப்போன நாட்டுல அந்த சொல்ல பேனர்ல போட்டா அந்த மனுஷன் கேட்ட கேள்விதான் வரும். ஊருன்னு ரெண்டெழுத்துல சொல்லு இருக்கும்போது எதுக்கு சமுதாயம்?

சிலர் விழிப்புணர்வுன்னு போடலாம்பாங்க. அதுவும் சரிப்படாது, ஒருத்தர் பேச மத்தவங்க கேட்டுட்டு போற கூட்டம் அது. ஷார்ட்னு ஒரு டாக்டர் 1937ல அன்னைக்கு மதராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர்ல இந்த புளோரைடு நோய பதிவு பண்ணார், ஆனா அதுக்கு முன்னாடியே உழவு மாடு மூட்டு இறுகி நடக்க முடியாம போறத அங்க இருந்த விவசாயிங்க கவனிச்சிருக்காங்க. அதனால ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆரம்பிக்கறதே தப்பு. அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா, "நான் தினம் காய்ச்சித்தானே சாமி புள்ளைக்கு குடுத்தேன்"னு அழுதாங்க. காய்ச்சினா கிருமி சாகும், புளோரைடு போகாது, தண்ணி சுண்ட சுண்ட இன்னும் அடர்த்தியாகும். இத அவங்ககிட்ட சொல்லியும் ஆகணும், உன் மேல தப்பில்லம்மான்னு தேத்தியும் ஆகணும், நாளைல இருந்து குடிக்க எந்த பைப்பு, துவைக்க எந்த பைப்புன்னு சேர்ந்து முடிவும் பண்ணணும். இது மூணும் ஒண்ணா நடந்தாத்தான் கவுன்சிலிங்.

இதுக்குத்தான் நம்மகிட்ட ஆற்றுப்படுத்தல் இருக்கு. ஆறுன்னா வழி, ஆற்றுப்படுத்தல்னா வழில சேர்த்து விடறது. பரிசு வாங்கிட்டு திரும்பற பாணன், எதிர்ல பசியோட வர்ற இன்னொரு பாணனுக்கு எந்தப் பக்கம் போ, வழில என்ன இருக்கும், யாரப் பாருன்னு சொல்றான், அதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுல பாதி, அஞ்சு பாட்டு, இந்த வகைதான். வழி சொல்றவனும் அதே பசிய பட்டவன்ங்கறதுதான் இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது. தன் புள்ளைக்கு தண்ணிய மாத்திக் குடுத்த ஒரு அம்மா பக்கத்து வீட்டம்மாவுக்கு சொல்றதவிட நல்ல கவுன்சிலிங் எது?

ஆறுன்னா ஜனங்க நதின்னுதான நினைப்பாங்கன்னு கேக்கறாங்க. பேச்சுல மனச ஆத்தறதுன்னு தினம் சொல்றோம், அந்த ஆத்தறது காதுல விழுந்தா விழட்டுமே, அதுவும் இந்த வேலைல பாதிதான. இலங்கைல கவுன்சிலிங்க உளவளத்துணைங்கறாங்க, அழகான சொல்லு, ஒரு ஆளோட மனசுக்குன்னா நானும் அதையே எடுத்துக்குவேன். இங்க பிரச்சனை மனசுல மட்டுமில்லாம பைப்புலயும் இருக்கே.

அதே பேனர்ல கீழ, சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்டுக்கு தமிழா, "நீடித்த நிலையான வளர்ச்சி". நீடிச்சாலும் நிலைச்சாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எதுக்கு ரெண்டு தடவ? இலங்கைல புழங்கற பேண்தகு எவ்வளவு நல்லா இருக்கு, பேணத் தகுந்ததுன்னு உடனே புரியுது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்து தண்ணி 2013ல இருந்து வருது, அது வராத நாள்ல திரும்ப போர் தண்ணிக்கே போகாம கூரைல விழற மழைய தொட்டில பிடிச்சு வெக்கறதும் ஏரிய தூர் வாரறதும்தான் அந்த ஊர்ல பேண்தகு வாழ்க்கை. அத அப்படியே எழுதினா யாருக்குப் புரியாது?

என்னைக் கேட்டிருந்தா பேனர்ல இப்படி எழுதியிருப்பேன்: "ஊர் ஆற்றுப்படுத்தல் கூட்டம். நம்ம போர் தண்ணில புளோரைடு இருக்கு. எந்தத் தண்ணிய குடிக்கலாம், புள்ளைங்களுக்கு என்ன செய்யலாம்னு சேர்ந்து பேசி முடிவு பண்ணலாம், வாங்க."