முறுக்குக் கவரில் மாட்டு ஊசி ஏன் இல்லை?

காரைக்குடியில் சீப்புச் சீடையோ தேன்குழலோ வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் கவரைத் திருப்பிப் படிக்கிறார்கள், நல்லதுதான். வெண்ணெய், நெய் என்று பார்த்ததும் சிலருக்கு ஒரு சந்தேகம்: மாட்டுக்கு வாயிலும் காலிலும் புண் வரவைக்கும் கோமாரி நோயைத் தடுக்க அரசு போடும் ஊசி பாலில் இறங்காதா, இறங்கினால் அதையும் கவரில் போட வேண்டாமா?

வேண்டாம். கோமாரி வைரஸை ஆய்வகத்தில் செல்களில் வளர்த்து, ரசாயனத்தால் செயலிழக்க வைத்து, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளையும் சேர்த்துத்தான் குப்பியில் அடைக்கிறார்கள். ஆக, மாட்டுக்குள் போவது பெருக முடியாத செத்த வைரஸ். உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதம் செய்துகொள்கிறது, ஊசிச் சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடுகிறது. அந்தப் புரதம் பாலில் கொஞ்சம் வரும்தான். ஊசியே போடாத மாட்டுப் பாலிலும் இப்படி ஏதாவது எதிர்ப்புப் புரதம் இருக்கும். வெண்ணெயை உருக்கும்போது மிஞ்சியிருக்கும் புரதமும் பெரும்பாலும் கசண்டாக அடியில் நின்றுவிடும்.

சரி, ஊசியை யார்தான் கவனிக்கிறார்கள்? அது 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் வேலை, கவரைக் கவனிப்பது 2006-இல் வந்த உணவுச் சட்டம். மாட்டு மருந்துக் குப்பியில் ஒரு வீட்டு விலங்கின் தலைப் படமும், மனிதருக்கல்ல என்ற வாசகமும் கட்டாயம். தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சிவகங்கை வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் வண்டியில் கொண்டுபோனால் ஊசி போட்டும் பலன் இராது. எந்த மாட்டுக்குப் போட்டார்கள் என்ற கணக்கு காது வில்லையின் 12 இலக்க எண்ணில் ஏறுகிறது. கோமாரி ஊசி ஆண்டுக்கு 2 முறை, காசு கிடையாது. ஒன்றிரண்டு நாள் கறவை குறையும் என்று மாட்டை ஒளித்து வைக்கிறவர்கள் உண்டு, கோமாரியே வந்துவிட்டால் எத்தனை வாரக் கறவை போகும் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

கவரில் இருப்பது வேறு கணக்கு: சேர்மானம், பால் போன்ற ஒவ்வாமைப் பொருள், சைவம் என்று காட்டும் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் (FSSAI) தரும் 14 இலக்க எண். அந்த எண்ணில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு தொழிலுக்கான பதிவு. வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் ஆச்சிமார் பலருக்கு 2தான்.

என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாட்டிக்குக்குத்தான். அது பாலில் நேராகவே இறங்கும். அதனால்தான் மருந்து போட்ட பிறகு பாலையோ இறைச்சியையோ பயன்படுத்த எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை மருந்துக் குப்பியிலேயே அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த மருந்துக்கென்று தனியாக நாள் உறுதி செய்யப்படவில்லை என்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். இந்த நாள் கணக்கு பலகாரக் கவருக்கு வராது, கறக்கிறவருக்கு மட்டுமே தெரியும். கேட்பதென்றால் பால்காரரிடம்தான் கேட்க வேண்டும்.