ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை

போன வாரம் நைட் டியூட்டியில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய வயது. கூட வந்த நண்பர் ஒரு கையில் அவருடைய ஒற்றைச் செருப்பையும் இன்னொரு கையில் ஹெல்மெட்டையும் பிடித்திருந்தார். "ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தார் டாக்டர், இருபது வருஷமா வண்டி ஓட்டுறவர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தேன். கீறலே இல்லை. தாடை ஸ்ட்ராப்பின் பக்கிளில் வாங்கும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. ஸ்கேனில் மண்டையோடு விரிசல் விட்டிருந்தது, உள்ளே ரத்தக்கட்டு.

இது இந்த மாதத்தில் மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

தலையில் கவிழ்த்துக்கொண்டால் ஹெல்மெட் போட்டதாகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை. பைக் விபத்தில் அடி ஒருமுறை மட்டும் விழுவதில்லை. முதலில் எதிரே உள்ள வண்டியில் மோதுவீர்கள், அப்புறம் தூக்கி எறியப்பட்டுத் தரையில் விழுவீர்கள், அப்புறம் உருண்டு போய் ஒரு கல்லிலோ கம்பத்திலோ இடிப்பீர்கள். ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே, சில நேரம் அதற்கும் முன்னாலேயே, கழன்று பறந்துவிடும். மிச்ச அடி எல்லாம் வெறும் தலைக்குத்தான். ஹெல்மெட் அணிந்தால் இறக்கும் ஆபத்து சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்கிறது. அந்தப் பலன் எல்லாம் அது தலையிலேயே இருந்தால்தான். மாட்டிய ஸ்ட்ராப்புக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது. மாட்டியபின் பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள், கழன்று வந்தால் சைஸ் தவறு. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், வெளியே பளபளப்பாகவே இருக்கும்.

சரி, அனுபவசாலிகளுக்கு வருகிறேன். புதிதாக ஓட்டுபவர் பயத்தில் கண்ணாடியைப் பத்து தடவை பார்க்கிறார், திருப்பத்துக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கிறார். இருபது வருஷம் ஓட்டியவர்தான் தினமும் போகிற பாதையில், வீட்டுக்கு ஐந்து நிமிடத் தூரத்தில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வருகிறார். "இங்கேதானே போறேன்" என்ற வார்த்தையை நான் எத்தனை குடும்பங்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்! 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடும். நீங்கள் நிமிர்ந்து பார்த்து பிரேக்கில் விரல் வைப்பதற்குள்ளேயே அந்தத் தூரம் போய்விடுகிறது, அதன் பிறகுதான் வண்டியின் வேகம் குறையவே ஆரம்பிக்கும்.

புதியவர்களே, முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி தூக்கி அடிக்கும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்காதீர்கள். நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடித்தால்தான் ஆபத்து. வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்துச் சீராக அழுத்தப் பழகுங்கள், காலி மைதானத்தில், யாராவது பக்கத்தில் இருக்க. குடித்திருந்தால் சாவியை எடுக்கவே வேண்டாம். பின்னால் உட்காருபவருக்கும் தலை இருக்கிறது, அவருக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். ஷூ, முழுக்கை, கையுறை போடுங்கள். தார் ரோட்டில் உரசி வந்த உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தேய்த்துக் கழுவும்போது அடிபட்டவர்கள் போடும் சத்தத்தை நர்ஸ்களைக் கேட்டுப் பாருங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். மூச்சு இல்லாவிட்டால் கழற்றித்தான் ஆகவேண்டும், அப்போதும் ஒருவர் கழுத்தை அசையாமல் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்றட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்டு, எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் சில மணி நேரம் சும்மா இருக்கும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் அப்புறம் மயங்குவார். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி வந்தாலோ, தூக்கம் அசத்தினாலோ, நடுராத்திரியானாலும் கிளம்பி வாருங்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்புவதைவிட எனக்குப் பிடித்த வேலை வேறில்லை.